கண்ணில் பட்டும் கைவிடப்பட்ட கோளாறுகள்: திட்டங்களில் இவற்றிலிருந்து எப்படிக் கற்றுக்கொள்வது?

கருங்கல்:

கட்டுமானத் துறையில் வேலை செய்கிறேன். பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைத் தேடிப் படிப்பது நீண்ட நாள் பழக்கம். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த இழை. யாரும் கவனிக்கவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்கிற கோளாறுகளில் பலவற்றை யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார். அளந்தும் பார்த்திருக்கிறார். அப்புறம் அந்த அளவு யாரிடம் போனது, அவர் அதற்கு என்ன விளக்கம் சொன்னார், அந்த விளக்கத்தை யாராவது சோதித்தார்களா என்று பார்த்தால்தான் விஷயம் புரிகிறது.

கனடாவின் கியூபெக் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டிய எஃகுப் பாலம். வடிவமைப்பின்போது நடுக்கண்ணின் (இரண்டு பெரிய தூண்களுக்கு நடுவிலுள்ள பகுதியின்) நீளத்தை 1600 அடியிலிருந்து 1800 அடியாகக் கூட்டினார்கள், ஆனால் பாலத்தின் சொந்த எடையைப் புதிதாகக் கணக்கிடவில்லை. உண்மையான எடை தெரியவந்தபோது வேலை வெகுதூரம் போய்விட்டது. கூடுதல் சுமையைப் பாலத்தின் எஃகுச் சட்டங்கள் தாங்கிவிடும் என்று ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் ஒப்புக்கொண்டார். அவர் இருந்தது நியூயார்க்கில். தளத்தில் அவர் சார்பாக நின்றவர் நார்மன் மெக்லூர் என்ற இளம் பொறியாளர்.

1907 கோடையில் அடிப்பக்க அழுத்தச் சட்டங்கள் லேசாக வளைந்திருப்பதை மெக்லூர் பார்த்தார். எழுதி அனுப்பினார். பட்டறையிலிருந்து வரும்போதே அந்த வளைவு இருந்தது என்று சட்டங்களைச் செய்த நிறுவனம் சொன்னது. ஆகஸ்ட் 27 அன்று மறுபடி அளந்தபோது, முக்கால் அங்குலமாக இருந்த வளைவு இரண்டு அங்குலத்தைத் தாண்டியிருந்தது. வெறும் சில நாட்களில். மெக்லூர் ரயிலேறி நியூயார்க் போய் 29ஆம் தேதி கூப்பரை நேரில் பார்த்தார். இனிச் சுமை ஏற்றாதீர்கள் என்று கூப்பர் தந்தி அடித்தார், ஆனால் அது போனது பென்சில்வேனியாவில் இருந்த நிறுவன அலுவலகத்துக்கு, பாலத்துக்கு அல்ல. அன்று மாலை ஐந்தரை மணிவாக்கில் பாலம் விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

வளைவு முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்ற ஒரே கேள்வியில் நாட்கள் போயிருக்கின்றன. ஒவ்வொரு சட்டமும் தளத்துக்கு வந்த அன்றே அளந்து எழுதிவைத்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. உங்கள் துறைகளில் இதுபோல என்னென்ன இருக்கிறது, நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள், சொல்லுங்கள்.

ஒளிக்கதிர்:

ஒளியியலில் இதற்கு ஈடான கதை ஹபிள் தொலைநோக்கி. 2.4 மீட்டர் விட்டமுள்ள முதன்மைக் கண்ணாடி தவறான வடிவத்தில் மெருகேற்றப்பட்டது, 1990இல் விண்ணுக்குப் போன பிறகுதான் தெரிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படித் தவறியது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியின் வடிவத்தைச் சோதிக்க ஒரு துணைக்கருவி இருந்தது, இரண்டு சிறு கண்ணாடிகளும் ஒரு லென்சும் கொண்டது. லென்சை எந்தத் தூரத்தில் வைப்பது என்பதை ஒரு உலோக அளவுத்தண்டை வைத்து, லேசர் ஒளியை அதன் முனையில் பட்டுத் திரும்ப விட்டுக் கணித்தார்கள். தண்டின் முனையில் ஒரு மூடி, அதில் ஒரு சிறு துளை. ஒளி துளை வழியாகத் தண்டின் முனையில்தான் பட வேண்டும், மூடியிலிருந்து திரும்பக் கூடாது என்பதற்காக மூடிக்குக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்திருந்தது. ஒளி அங்கே பட்டுத் திரும்பியது. லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தது.

அப்போதே ஒரு அறிகுறி தெரிந்தது. அளவு சொன்ன இடத்துக்கு லென்சைக் கொண்டுவரத் திருகில் இடம் போதவில்லை. பொருத்தியவர்கள் வாஷர் வைத்து இறக்கிவிட்டார்கள். இவ்வளவு துல்லியமாக வடிவமைத்த கருவியில் வாஷர் வைத்தால்தான் பொருந்துகிறது என்றால் ஏன் என்று யாராவது நின்று கேட்டிருக்க வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. வேறு இரண்டு சோதனைக் கருவிகளும் பிழை இருப்பதைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை, முதன்மைக் கருவிதான் நம்பகமானது என்று அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். துல்லியம் குறைந்த கருவியால் நுண்ணிய பிழையைத்தான் காட்ட முடியாது, பெரிய பிழையைக் கட்டாயம் காட்டும். கண்ணாடியின் விளிம்பில் இருந்த பிழை 2.2 மைக்ரான், ஒளியியலில் அது மிகப் பெரியது. முரட்டுக் கருவி இரண்டு ஒரே மாதிரி சொல்கின்றன, நுட்பமான கருவி ஒன்று மட்டும் வேறு சொல்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது நுட்பமான கருவியைத்தான்.

நேர்கோடு:

இரண்டு பதிவுகளும் நன்றாக இருக்கின்றன, ஆனால் எனக்கு ஒரு தடை உண்டு. முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்தால் எல்லா அறிகுறியும் பளிச்சென்று தெரியும். நடந்துகொண்டிருக்கும் திட்டத்தில் அப்படி இல்லை. ஒரு சாதாரண கருவியைச் சோதனைக்கு எடுத்தாலே ஒரு வாரத்தில் இருபது முப்பது வினோதங்கள் கிடைக்கும். ஒரு அளவு துள்ளும், ஒரு கேபிள் ஆடும், ஒரு தடவை தானாக ரீசெட் ஆகும், மறுபடி வராது. இவை ஒவ்வொன்றின் அடிவரை போனால் எந்தத் திட்டமும் முடியாது. விழாமல் நிற்கிற ஆயிரம் பாலங்களிலும் வளைந்த சட்டமும் வாஷரும் இருக்கத்தான் செய்யும், அவற்றுக்கு விசாரணை அறிக்கை எழுதப்படுவதில்லை, அதனால் நாம் படிப்பதில்லை. எதைத் துரத்துவது எதை விடுவது என்று முன்கூட்டியே சொல்லும் வழி இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் "எல்லாவற்றையும் கவனி" என்பது வெறும் உபதேசம்.

கருங்கல்:

நேர்கோடு, உங்கள் கேள்வி சரியானது, தட்டிக்கழிக்க மாட்டேன். முழுமையான வழி என்று ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனால் அறிக்கைகளைப் படித்ததில் ஒரு வடிகட்டி கிடைத்தது, அது பெரும்பாலும் வேலை செய்கிறது. வடிவமைப்பின்படி இது நடக்கலாமா, நடக்கவே கூடாதா? இதுதான் கேள்வி.

1986இல் ஏவிய சற்று நேரத்தில் உடைந்து சிதறிய சேலஞ்சர் விண்வெளி ஓடத்தைப் பாருங்கள். திட எரிபொருள் பூஸ்டரின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்களைச் சூடான வாயு தொடவே கூடாது. அதுதான் வடிவமைப்பு. 1981 நவம்பரில், விண்வெளி ஓடத் திட்டத்தின் இரண்டாவது பயணத்திலேயே ஒரு வளையம் அரிக்கப்பட்டுத் திரும்பியது. இவ்வளவு அரிப்பு வரலாம் என்று யாரும் வடிவமைக்கவில்லை. அங்கேயே ஏவுவதை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஓடம் பத்திரமாகத் திரும்பிவிட்டது, அடுத்ததும் திரும்பியது. அப்படியே அரிப்புக்கு ஒரு ஏற்கத்தக்க அளவு உருவானது. மூன்றில் ஒரு பங்குதான் அரித்திருக்கிறது, ஆகவே மூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கிறது என்றுகூட வாதம் வந்தது. ரிச்சர்ட் ஃபைன்மன் விசாரணை அறிக்கையின் பின்னிணைப்பில் இதைத்தான் கடுமையாக மறுத்தார். அரிக்கவே கூடாத பொருள் அரிக்கிறது என்றால் அங்கே பாதுகாப்பு மடங்கு என்ற பேச்சே பொருந்தாது.

அப்புறம் வெப்பநிலை. சேதம் ஏற்பட்ட பயணங்களை மட்டும் எடுத்து வெப்பநிலையோடு ஒப்பிட்டால் தொடர்பு ஒன்றும் தெளிவாகத் தெரியாது, குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம். சேதமே இல்லாத பயணங்களையும் அதே படத்தில் போட்டதும் தெரிகிறது. 19 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பாதிப்பு. 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கிலுமே பாதிப்பு. 1986 ஜனவரி 28 காலை உறைநிலையை ஒட்டிய குளிர். முந்தைய இரவே ஏவ வேண்டாம் என்று பூஸ்டர் நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதாடினார்கள். அந்தப் படம் அவர்கள் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கெட்டுப்போனவற்றின் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது, நன்றாக ஓடியவற்றையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிழைதிருத்தி:

மென்பொருளில் இது தினப்படி நடக்கிறது. நிரலைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் சில சமயம் தோற்கும் (திரையில் சிவப்பு), திரும்ப ஓட்டினால் தேறிவிடும் (பச்சை). "அது அப்படித்தான், ரீரன் கொடு" என்பார்கள். பல குழுக்களில் மூன்று தடவை தானாகவே ரீரன் ஆகும்படி அமைத்தே வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், காரணம் தெராக்-25.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம் அது. 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். இயக்குபவர் திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று ஒரு செய்தி வரும், என்ன அர்த்தம் என்று கையேட்டில் தெளிவாக இல்லை. இதுபோலச் சின்னச் சின்னப் பிழைச் செய்திகள் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், பி விசையை அழுத்தினால் வேலை தொடரும். அழுத்திப் பழகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இயந்திரம்தான் அப்படிப் பழக்கியது.

அந்தப் பிழையை ஒருவர் பிடித்த விதம் ஒவ்வொரு டெஸ்டரும் தெரிந்துகொள்ள வேண்டியது. டெக்சாசில் விபத்து நடந்த ஒரு மருத்துவமனையின் இயற்பியலாளர், சம்பவத்தின்போது இயக்கிய அதே பெண்ணைக் கூட உட்காரவைத்து, அவர் அன்று எப்படித் தட்டச்சு செய்தாரோ அப்படியே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அந்தப் பெண் அனுபவசாலி, விரல் வேகம் அதிகம். சிகிச்சை வகையைத் தவறாக அடித்துவிட்டு, மேலே போய்த் திருத்திவிட்டுக் கீழே வருவார், எல்லாம் எட்டு நொடிக்குள். அந்த வேகத்தில் செய்தால்தான் பிழை வரும். தயாரிப்பாளரின் பொறியாளர் முதலில் முயன்றபோது வரவில்லை. வேகமாக அடிக்க வேண்டும் என்று சொன்ன பிறகு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே பிழை முந்தைய மாடலான தெராக்-20இலும் இருந்தது. அதில் தனியாக வன்பொருள் பாதுகாப்பு இருந்ததால் ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். ஃபியூஸ் ஏன் போகிறது என்று அன்றே தோண்டியிருந்தால் மென்பொருள் பிழை வெளிவந்திருக்கும். புதிய மாடலில் வன்பொருள் பாதுகாப்பை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். ஏரியான் 5 ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று வெடித்ததும் கிட்டத்தட்ட இதே வகை. ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடிய நிரலைப் புதிய ராக்கெட்டில் அப்படியே வைத்தார்கள், அதன் வேகத்துக்கு ஒரு எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அதில் கொடுமை, அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது.

ரீரன் செய்வது தப்பில்லை. ரீரன் பச்சையானதும் முதல் சிவப்பை அழித்துவிடுவதுதான் தப்பு. எங்கள் குழுவில் தோற்ற முதல் ஓட்டத்தின் லாக் (ஓட்டத்தின் பதிவு) முழுவதும் சேமிக்கப்படும், அதே டெஸ்ட் மறுபடி தோற்றால் இரண்டு லாக்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாக வேண்டும்.

ஆய்வகப்பூனை:

எல்லோரும் விபத்தாகவே பேசுகிறீர்கள். அறிவியலில் இதே விஷயத்துக்கு வேறு முகம் உண்டு. கைவிடப்பட்ட சின்ன முரண்தான் அங்கே கண்டுபிடிப்பு.

1785இல் ஹென்றி கேவண்டிஷ் காற்றிலிருந்த நைட்ரஜனை மின்பொறியால் ஆக்சிஜனோடு சேர்த்துச் சேர்த்துக் கரைத்து எடுத்தார். கடைசியில் ஒரு சிறு குமிழி மிஞ்சியது. மொத்தத்தில் நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று எழுதிவைத்தார். அந்தக் குமிழி நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது, யாரும் தொடவில்லை.

1892இல் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தபோது, காற்றிலிருந்து எடுத்தது அம்மோனியாவைப் பயன்படுத்தித் தயாரித்ததைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கனமாக இருந்தது. சராசரி போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம், நம்மில் பலர் அதைத்தான் செய்வோம். அவர் என்ன செய்தார் தெரியுமா? வித்தியாசத்தைப் பெரிதாக்கப் பார்த்தார். முதல் தயாரிப்பில் நைட்ரஜனின் ஒரு பகுதிதான் அம்மோனியாவிலிருந்து வந்தது, மீதி காற்றிலிருந்து. காற்றுக்குப் பதில் சுத்தமான ஆக்சிஜனைப் பயன்படுத்தி, முழுவதும் அம்மோனியாவிலிருந்தே வரும்படி மாற்றினார். வித்தியாசம் இருநூறில் ஒன்றாக ஏறியது. இனி அது அளவுப்பிழை என்று யாரும் சொல்ல முடியாது. 1894இல் வேதியியலாளர் ராம்சேயுடன் சேர்ந்து ஆர்கான் என்ற புது வாயுவை அறிவித்தார், கேவண்டிஷின் குமிழி பெரும்பாலும் அதுதான். 1904இல் இயற்பியல் நோபல் அவருக்கு, வேதியியல் நோபல் ராம்சேக்கு.

நேர்கோடு கேட்டதற்கு இதில் பாதி பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முரண் தெரிந்தால் அதைக் குறைக்கும் வழியைத் தேடாமல், அதைக் கூட்டும் வழி என்ன என்று யோசியுங்கள். கூட்ட முடிந்தால் அது நிஜம், காரணமும் பாதி தெரிந்துவிடும். என்ன செய்தாலும் கூடவில்லை, குறையவும் இல்லை என்றால் குறித்துவைத்துவிட்டு மேலே போகலாம்.

நேர்கோடு:

இது பயன்படுகிற யோசனை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கட்டும். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு, நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவித்தது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு 730 கிலோமீட்டர். உலகமே பரபரத்தது. கடைசியில் ஒரு ஒளியிழைக் கேபிளின் இணைப்பு சரியாக இறுகவில்லை, கூடவே கடிகாரத்திலும் ஒரு சிறு கோளாறு. ஆர்கான் ஒன்றுக்கு இதுபோல லூஸ் கனெக்ஷன் நூறு இருக்கும்.

ஆய்வகப்பூனை:

ஆமாம், ஆனால் அவர்களும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள் என்பேன். முடிவை வெளியிட்டு, எங்களால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை, மற்றவர்களும் பாருங்கள் என்று கேட்டார்கள், தாங்களும் தேடிக்கொண்டே இருந்தார்கள், கேபிளைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். இணைப்பு லூசாக இருந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைதானே. அதைத் தேடாமல் விட்டிருந்தால் அந்தக் கருவியில் எடுத்த மற்ற நேர அளவுகளையும் நம்ப முடியாது.

ஒளிக்கதிர்:

அண்டார்க்டிக் ஓசோன் ஓட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது தப்பாகவே பரவியிருக்கிறது. நாசாவின் செயற்கைக்கோள் தகவலைக் கணினி தானாகத் தூக்கிப்போட்டது, அதனால்தான் ஓட்டை தெரியாமல் போனது என்று சொல்வார்கள். தூக்கிப்போடவில்லை. 180 டாப்சன் அலகுக்கு (ஓசோன் அளவைச் சொல்லும் அலகு) கீழே வந்த அளவுகளுக்குச் சந்தேகக் குறி போட்டது, தகவல் அப்படியே இருந்தது. அவர்கள் அதை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே, 1985 மே மாதம், அண்டார்க்டிகாவின் ஹாலி பே தளத்தில் பல வருஷமாகத் தரையிலிருந்து அளந்துவந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் கட்டுரையை வெளியிட்டுவிட்டார்கள்.

சரியாகத் தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது. குறி போட்டு வைப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் குறி போட்ட குவியலை எப்போது, யார் திறந்து பார்ப்பது என்பதையும் சேர்த்து முடிவுசெய்ய வேண்டும்.

சுழலி:

ஆலைப் பராமரிப்பில் இருக்கிறேன், என் அனுபவம் ஒன்று. பெயர் வேண்டாம். ஒரு பெரிய பம்பு, மோட்டார் பக்கத்து பேரிங்கில் வைப்ரேஷன் சென்சார். குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம் வைப்ரேஷன் அலாரம் வரம்பைத் தாண்டும், சூடானதும் இறங்கிவிடும். ஷிப்டில் இருப்பவர்களுக்கு அலாரம் தொந்தரவு. நிர்வாகம் என்ன செய்தது என்றால் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அலாரம் அடிக்காதபடி டிலே வைத்துவிட்டது. அதிலிருந்து கட்டுப்பாட்டு அறையில் எல்லாம் அமைதி.

நான் அந்த ஆலைக்குப் போனபோது மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் அடிக்கடி தேய்ந்து மாற்றுவதாகச் சொன்னார்கள். தேய்ந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தால் ஒரே பக்கமாகக் கடித்திருக்கிறது. பழைய டிரெண்டை எடுத்துப் பார்த்தேன், ஸ்டார்ட் ஆகும்போது வரும் உச்சம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது, இறங்கும் நேரமும் நீண்டுகொண்டே போயிருக்கிறது. டிலே வைத்த நாளுக்கு அப்புறம் யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. குளிர்ந்திருக்கும்போதும் சூடானதும் தனித்தனியாக டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட் (இரண்டு தண்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று) பார்த்தோம். அலைன்மென்ட் செய்தவர் சூட்டில் மோட்டார் எவ்வளவு உயரும் என்ற கணக்கைச் சேர்த்திருக்கிறார், ஆனால் மோட்டாரின் ஒரு கால் அடித்தளத்தில் சரியாக உட்காரவில்லை, போல்ட்டை இறுக்கினால் உடம்பே முறுக்கிக்கொள்கிறது. அந்தக் காலின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்தோம். அலாரம் டிலேயை எடுத்த பிறகும் ஸ்டார்ட்டில் அலாரம் வரவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. அலாரம்தான் பிரச்சனை என்று எல்லோரும் நம்பினார்கள், அதை நிறுத்தியதும் பிரச்சனை தீர்ந்தது. அதனால் நான் இப்போது எங்கே போனாலும் முதலில் கேட்பது, எந்தெந்த அலாரத்துக்கு டிலே வைத்திருக்கிறீர்கள், எதன் வரம்பைக் கூட்டியிருக்கிறீர்கள், எப்போது, எந்தக் காரணத்துக்காக என்ற பட்டியல். பல இடத்தில் அப்படி ஒரு பட்டியலே இருக்காது.

கருங்கல்:

சுழலி சொன்னதைப் படித்ததும் ஸ்காட்லாந்தின் டே பாலம் ஞாபகம் வருகிறது. 1879 டிசம்பர் 28 இரவு புயலில் ரயிலோடு சேர்ந்து விழுந்தது. அதற்கு முன்பே பராமரிப்பைப் பார்த்த ஹென்றி நோபிள், இரும்புத் தூண்களின் குறுக்குப் பட்டைகள் தளர்ந்து கடகடவென ஆடுவதைக் கேட்டிருக்கிறார். இடைவெளியில் இரும்புத் துண்டுகளைச் செருகி ஆட்டத்தை நிறுத்தினார், மேலிடத்துக்குச் சொல்லவில்லை. சத்தம் நின்றது. பட்டை தளர்ந்தது தளர்ந்ததுதான்.

குறுக்குத்தெரு:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பார்ப்பதும் எழுதுவதும் சரி, சொன்னால் என்ன ஆகும் என்ற பயத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. இளநிலையில் இருப்பவர் ஒரு முரணைச் சொன்னால் திட்டம் தாமதமாகும், பழி அவர் மேல் விழும். அதனால்தான் பாதி பேர் வாயைத் திறப்பதில்லை.

அமெரிக்காவில் 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 விமானம் வாஷிங்டனுக்கு வெளியே மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை சொன்ன அனுமதியை, இப்போதே கீழே இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டதால் வந்தது. ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அந்தச் செய்தி போகவில்லை. இதற்குப் பிறகுதான் 1976இல் நாசாவின் பொறுப்பில் ஒரு அறிக்கை முறை வந்தது. விமானியோ கட்டுப்பாட்டாளரோ நடந்ததை எழுதி அனுப்பலாம், பெயர் நீக்கப்படும், வேண்டுமென்றே செய்யாத தவறுகளுக்குத் தண்டனையிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. தண்டிக்கும் அதிகாரமுள்ள அமைப்பிடம் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்ததுதான் அதில் புத்திசாலித்தனம். நம்பிக்கை இருந்தால்தான் எழுதுவார்கள்.

முறைப்படி எழுதாமல் வாய்ப்பேச்சிலும் மின்னஞ்சலிலும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவின் செவ்வாய் விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் உதாரணம். பவுண்டு விசைக்கும் நியூட்டனுக்கும் நடுவில் அலகு மாறி, 1999 செப்டம்பரில் செவ்வாய்க்கு 57 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கி அழிந்தது, திட்டமிட்டது 226. பாதைக் கணக்கு ஒத்துவரவில்லை என்பதை வழியிலேயே சிலர் கவனித்திருந்தார்கள், பேசியும் இருந்தார்கள். முறையான கோளாறுப் பதிவில் அது ஏறவில்லை. பதிவில் இருந்தால் பதில் சொல்லாமல் அதை மூட முடியாது, அதுதான் வித்தியாசம்.

ஒளிக்கதிர்:

சொன்னவர் கேட்கப்பட்ட கதையும் ஒன்று இருக்கட்டும். கசினி விண்கலம் 1997இல் கிளம்பிவிட்டது, அதோடு போன ஹைகன்ஸ் என்ற சிறு கலம் சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்க வேண்டும். இறங்கும்போது அனுப்பும் சமிக்ஞையை கசினி சரியாக வாங்குமா என்று, டாப்ளர் விளைவையும் (கலங்கள் நகர்வதால் சமிக்ஞையின் அலைவரிசை மாறுவது) சேர்த்து நிஜமான சமிக்ஞைபோல ஒன்றைப் பூமியிலிருந்து அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ் விடாப்பிடியாக நின்றார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் செய்தார்கள். ஏற்பி வாங்கிய தகவல் கந்தல். அலைவரிசை மாறுவதற்கு வடிவமைப்பில் இடம் விட்டிருந்தார்கள், அதே டாப்ளரால் தகவல் வரும் வேகமும் மாறும் என்பதற்கு விடவில்லை. பறந்துகொண்டிருக்கும் கலத்தில் அதை மாற்ற வழியில்லை, ஆனால் ஐந்து வருஷ அவகாசம் இருந்தது. கசினியின் பாதையை மாற்றி, டைட்டனை மிக விலகிக் கடந்துபோகச் செய்து, டாப்ளர் மாற்றத்தைக் குறைத்தார்கள். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் இறங்கிப் படம் அனுப்பியது.

மாலைவெயில்:

இறுதியாண்டு மாணவன். இவ்வளவு பெரிய திட்டங்களைப் படித்த பிறகு கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். எங்கள் புராஜெக்டில் ஒரு லோட் செல் வைத்து விசையை அளக்கிறோம். ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் சுமையே இல்லாமல் ஒரு சிறு அளவு காட்டுகிறது, அது மெல்ல ஏறுகிறது. ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்பும் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டுத் தொடர்கிறோம், வழிகாட்டியும் அது போதும் என்றார். இதுவும் நீங்கள் சொல்கிற வகையா?

சுழலி:

கூச்சப்பட ஒன்றுமில்லை தம்பி, அப்படியே அந்த வகைதான். பூஜ்ஜியத்தில் வைப்பதை நிறுத்த வேண்டாம், ஆனால் வைப்பதற்கு முன்பு அது காட்டிய எண்ணை நேரத்தோடும் அறை வெப்பநிலையோடும் எழுதுங்கள். சோதனை முடிந்ததும் சுமையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை எழுதுங்கள். பூஜ்ஜியம் நகர்கிறது என்றால் அளவீட்டின் நடுவிலும் நகர்ந்திருக்கும், எவ்வளவு என்று இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிடும். அது உங்கள் அளவோடு ஒப்பிட அற்பமாக இருந்தால் அறிக்கையில் அந்த எண்ணைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தொடரலாம்.

ஆய்வகப்பூனை:

கூடவே ராலே செய்ததைச் செய்து பாருங்கள். ஹேர் டிரையரால் லோட் செல்லை மட்டும் லேசாகச் சூடாக்குங்கள், பிறகு ஆற விட்டு ஆம்ப்ளிஃபயர் பலகையை மட்டும். எதைச் சூடாக்கும்போது நகர்வு கூடுகிறதோ அங்கே தேடுங்கள்.

மாலைவெயில்:

நன்றி அண்ணா, நன்றி எல்லோருக்கும். இரண்டாவது லோட் செல் இருந்தது, முதலில் அதை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நகர்வு அப்படியே இருக்கிறது. டிரையர் வைத்தபோது பலகைப் பக்கம்தான் எகிறுகிறது.

ஒளிக்கதிர்:

அப்படியானால் செல் பெரும்பாலும் தப்பித்தது. உறுதி செய்ய, செல்லைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் நான்கு சமமான துல்லிய ரெசிஸ்டர்களைப் பிரிட்ஜாக இணைத்து அதே நேரம் ஓட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு மல்டிமீட்டரில் செல்லுக்குப் போகும் மின்னழுத்தத்தைப் பார்த்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். மின்னழுத்தம் நிலையாக இருந்து நகர்வு மட்டும் இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுப் பக்கம். மின்னழுத்தமும் சேர்ந்து நகர்ந்தால் அதே மூலத்தை அனலாக்-டிஜிட்டல் மாற்றியின் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப்) ஒப்பு மின்னழுத்தமாகவும் கொடுங்கள், அந்தப் பகுதி பெருமளவு தானாகக் கழிந்துவிடும். பலகையில் ரெகுலேட்டர் ஆம்ப்ளிஃபயருக்கு ஒட்டியே இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் சூடு அங்கிருந்துதான் வரும். எண்கள் கிடைத்ததும் இங்கே போடுங்கள்.